சின்னதுரையின் பெரிய சக்கரங்கள்

புது டயர் மாட்டிய ஜீப் நேராகப் போனது. திரும்பத்தான் மாட்டேன் என்றது.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வளைத்தாலும் முன்சக்கரம் மட்கார்டில் உரசி, கழுத்தைப் பிடித்த வாத்து மாதிரி கத்தியது. பெரம்பலூர் கடைத்தெருவிலிருந்து அரியமுத்துவின் பட்டறைக்குள் திரும்பச் சின்னதுரைக்கு ஒரே வழிதான் இருந்தது. எதிரே இருந்த காலி மனைக்குள் நேராக ஓட்டி, அங்கே நாலு ஆட்களை விட்டு ஜீப்பின் மூக்கைத் தள்ளித் திருப்பச் சொல்லி, மறுபடி நேராகவே பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணே, டயர் மட்கார்டுல இடிக்குது!"

அரியமுத்து பீடியை அணைத்துவிட்டு ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"டயரு இடிக்கல தம்பி. மட்கார்டுதான் டயர இடிக்குது. தப்பு அது மேல. வெட்டி எடுத்துட்டா வழிக்கு வந்துடும்."

அரியமுத்து யுத்தத்தில் பட்டாளத்தோடு பர்மா வரைக்கும் போய்விட்டு வந்தவர். பெரம்பலூரில் ஜீப்பைப் பற்றி அடித்துப் பேசும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. வேறு யாரும் அதுவரை ஜீப்பைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

சின்னதுரைக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. அரியலூரில் நிலபுலனோடு இருக்கிற இளவட்டம் அவன். 'முடியாது' என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. யுத்தம் முடிந்து திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, போனவர்கள் எல்லாம் கொசுவலையும் கம்பளியும் தகரப்பெட்டியுமாக எடுத்து வந்தார்கள். சின்னதுரை ஜீப்பையே எடுத்துவிட்டான்.

எடுக்க வைத்தது மாமனார்.

கல்யாணப் பந்தியெல்லாம் முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மாமனார் பெரியசாமி, அரும்பாவூரில் பெரிய குடித்தனக்காரர், மாப்பிள்ளையைத் தலை தீபாவளிக்கு அழைத்தார்.

"ஐப்பசியில எங்க தெரு சேறாக் கெடக்கும் மாப்பிள்ளை. மோட்டார் வண்டி எதுவும் உள்ள வராது. பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸுல வந்துடுங்க. வில்வண்டி அனுப்பி வைக்கிறேன்."

'வராது' என்ற சொல் காதில் விழுந்ததுமே சின்னதுரையின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்க வில்வண்டி எதுக்கு மாமா? மோட்டார்ல வந்து உங்க வாசப்படியில நிக்கிறேன் பாருங்க. மாட்டைத் தொட மாட்டேன்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. பெரியசாமி, "சரிங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சின்னதுரை மாசக்கணக்கில் மனசுக்குள் சுமந்துகொண்டு திரிந்தான். தூக்கத்தில்கூட அந்த மீசை வந்தது.

ஜீப் வந்ததும் தன் கரிசல் காட்டிலேயே ஓட்டிப் பார்த்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தும் அது வயிறு வரை மண்ணுக்குள் இறங்கி, குட்டையில் கிடக்கிற எருமை மாதிரி சுகமாக உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சிறிசு என்று சின்னதுரை தீர்ப்பு எழுதினான். பட்டாளத்து லாரியில் கழற்றிய பெரிய சக்கரங்களை வாங்கி, துளையெல்லாம் புதிதாகப் போட்டு ஜீப்பில் போட்டுக்கொண்டு, மனைவி ஜெயலட்சுமியையும் ஏற்றிக்கொண்டு, தீபாவளிக்குச் சில நாள் முன்னாலேயே பெரம்பலூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்து, அங்கேதான் சக்கரங்களை மாட்டினான். இங்கிருந்து அரும்பாவூர் பக்கம்தான். சேறும் பக்கம்தான்.

மட்கார்டு போனது. ஜீப் பம்பரம் மாதிரி திரும்பியது.

"ஏறு ஜெயம், ஏரிக்கரை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்!"

ஜெயலட்சுமி புதுப்புடவையோடு ஏறினாள். மட்கார்டு எதற்காக இருந்தது என்பது ஏரிக்கரைக்குப் போகிற வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய சக்கரங்கள் ரோட்டுச் சேற்றை அள்ளி அள்ளி அவள் மேல் ஊற்றின. அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். கரை மேட்டில் ஏறும்போது ஜீப் பாதியில் பெருமூச்சு விட்டு நின்றது. முதல் கியரிலும் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே சரிந்தது.

"என்னங்க, இறங்குது!"

"இறங்கலடி. மூச்சு வாங்குது."

"நான் நடந்து வரேங்க," என்று அவள் இறங்கிவிட்டாள். மூக்கு நுனியில் மட்டும் சேறு இல்லாமல் இருந்தது.

அரியமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, பெரிய வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"சக்கரம் பெருசாப் போச்சில்ல தம்பி? ஒரு சுத்துக்கு முன்னைய விட அதிக தூரம் உருளுது. எஞ்சினு பழைய எஞ்சினுதானே? அதால இழுக்க முடியல. சைக்கிள்ல பின்னால இருக்கிற பல்சக்கரம் பொடிசா இருந்தா மேட்டுல மிதிக்க முடியுமா? பெருசா மாத்தினா லேசாயிடும். அதே கணக்குதான்."

"அப்ப ஜீப்புல எதை மாத்தணும்?"

"அச்சு நடுவுல உருண்டையா ஒரு பெட்டி இருக்கு பாருங்க. அதுக்குள்ள கிரவுனு, பினியன்னு ரெண்டு பல்சக்கரம். எஞ்சினு நெறையச் சுத்தி, சக்கரம் கொஞ்சமாச் சுத்துற மாதிரி வேற ஜோடி போடணும். முன்னச்சு, பின்னச்சு ரெண்டுக்கும் ஒரே கணக்குல போடணும். பர்மாவுல..."

பர்மா முடிவதற்குள் சின்னதுரை திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டான். பழைய இரும்புக் கடைகளையெல்லாம் புரட்டி, சாயங்காலம் மடியில் இரண்டு சாக்கு மூட்டைகளோடு திரும்பினான். பாடாலூரில் பக்கத்து ஸீட்டில் ஏறிய பெரியவர், "என்ன தம்பி, வரமிளகாயா?" என்று மூட்டையைத் தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் அரும்பாவூர் பஸ் கண்டக்டர் அக்கா வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"உங்க மாமனார் அரியலூருக்குச் சொல்லியனுப்பிச்சாருங்க. நீங்க இங்க இருக்கிறதாக் கடைத்தெருவுல சொன்னாங்க. மாப்பிள்ளை ரொம்ப சிரமப்பட்டுக்க வேணாமாம். ஜீப்பு வரலேன்னாலும் ஒண்ணும் இல்லியாம்."

சின்னதுரைக்குக் காது சிவந்துவிட்டது.

"பாத்தியா உங்கப்பா எப்படிக் குத்திக் காட்டுறாருன்னு?"

"அப்பா அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாருங்க."

"அவரு மீசை நெனைக்குதே!"

பல்சக்கரங்கள் மாறின. இப்போது ஜீப்புக்கு வந்த இழுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஏரிக்கரை மேட்டில் மாடிப்படி ஏறுவதுபோல ஏறியது. விட்டால் சுவரில்கூட ஏறியிருக்கும். வேகம்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது. தலையில் பானையோடு பக்கத்தில் நடந்துவந்த மோர்க்காரி ஜீப்பைத் தாண்டிப் போகும்போது நின்று, "வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள்.

"சேத்துக்கு வேகம் எதுக்கு? இழுப்புதான் முக்கியம்," என்றான் சின்னதுரை. அவன் சொன்னது நியாயம்தான்.

ஆனால் தீபாவளிச் சாமான்களை ஏற்றியதும் வண்டி தாழ்ந்துபோயிற்று. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்சக்கரம் இரண்டும் உடம்பின் அடியில் போய் இடித்தன. அரியமுத்து குப்புறப் படுத்துப் பார்த்தார். சின்னதுரையும் படுத்தான்.

"ஸ்பிரிங்கு அச்சுக்குக் கீழ இருக்கு தம்பி. அது அச்சுக்கு மேல வந்துட்டா வண்டி ஒரு சாண் ஒசந்துடும். ஆனா ஸ்பிரிங்கு உக்கார்ற பீடம் அச்சோட அடியில இல்ல ஒட்டியிருக்கு?"

சின்னதுரை படுத்தபடியே யோசித்தான். அவன் வாழ்க்கையில் தோன்றிய யோசனைகளிலேயே பெரிய யோசனை அப்போது தோன்றியது.

"அண்ணே, பின்னச்சையே தலைகீழாத் திருப்பிப் போட்டா? கீழ இருக்கிற பீடம் தானா மேல வந்துடும்ல?"

அரியமுத்து எழுந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

"பர்மாவுல வெள்ளைக்கார எஞ்சினீருக்குக்கூட இது தோணலியே தம்பி!"

வெள்ளைக்கார எஞ்சினீருக்கு ஏன் தோன்றவில்லை என்று அப்போது இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

முன்னச்சைத் திருப்ப ஸ்டியரிங் இடம் கொடுக்கவில்லை. அதற்கு வேப்பங்கட்டையைச் செதுக்கி இடையில் கொடுத்து உயர்த்தினார்கள். பின்னச்சைத் திருப்பினார்கள். எண்ணெய் ஊற்றுகிற துளை கீழே வந்துவிட்டதால் அதை அடைத்து, மேலே வேறு துளை போட்டார்கள். எல்லாம் முடிந்து தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் ஜீப் பட்டறையின் நடுவே ஆளுயரத்துக்கு நின்றது. ஜெயலட்சுமி முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

சின்னதுரை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் கியரைப் போட்டான்.

ஜீப் பின்னால் போனது.

போய், அரியமுத்துவின் தண்ணீர்த் தொட்டியை ஒரு முட்டு முட்டி நின்றது.

"ரிவர்ஸ்ல போட்டுட்டீங்க தம்பி!"

"முதல் கியர்தான் அண்ணே!"

முன்னால் தள்ளி நிறுத்தி, இரண்டாவது கியரைப் போட்டான். ஜீப் இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. தொட்டி உடைந்தது. மூன்றாவதையும் பார்த்துவிடலாம் என்று போட்டதில், பட்டறையின் கீற்றுத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கோழிகளுக்கு நடுவே போய் நின்றது. ரிவர்ஸ் கியரைப் போட்டான். கல்யாணப் பெண் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடிமேல் அடி வைத்து முன்னால் வந்தது.

"முன்சக்கரத்தையும் சேத்து இழுக்க விடுங்க," என்றார் அரியமுத்து, நம்பிக்கை குறையாமல்.

சேர்த்தான். முன்சக்கரம் முன்னால் இழுத்தது. பின்சக்கரம் பின்னால் இழுத்தது. ஜீப் சாமி வந்தமாதிரி நின்ற இடத்திலேயே ஆடியது. ஜெயலட்சுமியின் தலையிலிருந்த பூ கழன்று மடியில் விழுந்தது.

அரியமுத்து மண்டையைச் சொறிந்தார். அச்சு தலைகீழானதும் உள்ளே கிரவுன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது; அதனால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறது. இதைத் தரையில் கோடு கிழித்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அண்ணே," என்றான் சின்னதுரை அடங்கிய குரலில். "பர்மாவுல நீங்க என்ன வேலைதான் பாத்தீங்க?"

"ஜீப்பு கழுவினேன் தம்பி." சற்று நிறுத்தி, "ஆனா நல்லாக் கழுவினேன்," என்றார்.

திருப்பி மாட்ட இன்னொரு நாள் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அரும்பாவூரில் இருக்க வேண்டும். சின்னதுரை பட்டறைக் கல்லில் உட்கார்ந்தான். வில்வண்டியிலிருந்து தான் இறங்குவதும், வாசலில் அந்த மீசை விரிவதும் கண்முன்னே தெரிந்தது. கல்யாணப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் இனி ஆயுசுக்கும் கேட்பார்கள், 'எங்கய்யா மோட்டாரு?' என்று.

ஜெயலட்சுமி ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை.

"என்னங்க, வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுது. பின்னால ஓடுது."

"அரும்பாவூருக்கு எந்தப் பக்கமா ஓடிப் போனா என்னங்க? போய்ச் சேந்தாப் போதாதா? அம்மா வாசலைப் பாத்துக்கிட்டே நிப்பாங்க."

சின்னதுரை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் இவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கய்யா!" என்று எழுந்தான். பழைய சின்னதுரை திரும்பி வந்துவிட்டான்.

ஜெயலட்சுமி பின்னால் சாமான்களுக்கு நடுவே, போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சின்னதுரை கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினான். வலது, இடது என்று சொன்னால் குழப்பம் வரும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"புளியமரத்துப் பக்கம் ஒதுங்குங்க! போதும், போதும். இப்ப கெணத்துப் பக்கம். ஐயோ, கெணத்துக்குள்ள இல்லீங்க!"

ஊர் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"என்னங்க இது, வண்டியைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போறீங்க?"

"முன்பக்கமாத்தான் போகணும்னு சட்டத்துல எங்கயாவது இருக்குங்களா?"

போலீஸ்காரர் வெகுநேரம் யோசித்தார். அவர் படித்த சட்டத்தில் அப்படி எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "பாத்துப் போங்க," என்று வழி விட்டார். எதிரே வந்த பஸ் டிரைவர், தனக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து, ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அது கிட்டே கிட்டே வருவதைப் பார்த்ததும் பஸ்ஸை வரப்பு ஓரம் இறக்கி நிறுத்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி அரும்பாவூர் வந்தது. பெரிய ரோட்டிலிருந்து மாமனார் தெரு பிரிகிற இடத்தில் சின்னதுரை நிறுத்தினான். தெரு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இரண்டு வேலிகளுக்கு நடுவே களி கிண்டி ஊற்றி வைத்திருந்தது. ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி அச்சு வரை புதைந்து, மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனபின் அநாதையாக நின்றது. மரத்தடியில் இருந்த நாலைந்து பேர் கயிற்றோடு எழுந்து வந்தார்கள்.

"மாட்டைக் கட்டி இழுக்கட்டுங்களா?"

"மாட்டைத் தொட மாட்டேன்!" என்றான் சின்னதுரை.

முதல் கியர். ஜீப் சேற்றுக்குள் இறங்கியது. நடுத்தெருவுக்கு வந்ததும் அமுங்க ஆரம்பித்தது. ஜெயலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். சின்னதுரை ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் அலறியது, பெரிய சக்கரங்கள் நிதானமாக, அவசரமே இல்லாமல் சுற்றின. சேற்றைக் கடித்தன. கொஞ்சம் வழுக்கின. மறுபடி கடித்தன. பிறகு ஜீப் மெல்ல எழுந்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு முன்னேறியது, அதாவது பின்னேறியது. கயிறு வைத்திருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

வாசற்படியில் முட்டுகிற தூரத்தில் ஜீப் நின்றது. தலை முதல் கால் வரை சேறு பூசிக்கொண்டு, திருப்பி வைத்த கழுத்தை நேராக்க முடியாமல், சின்னதுரை ராஜா மாதிரி இறங்கினான்.

"மாமா! வந்து பாருங்க மாமா!"

யாரும் வரவில்லை. கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

மாட்டுக் கொட்டகையிலிருந்து வைக்கோலோடு கொளஞ்சி ஓடி வந்தான். அந்த வீட்டில் பலகாலமாக மாடு கன்று பார்த்துக்கொள்கிறவன். ஜீப்பைப் பார்த்ததும் வைக்கோல் கையிலிருந்து நழுவியது.

"கொளஞ்சி, அம்மா எங்க? அப்பா எங்க?" என்றாள் ஜெயலட்சுமி.

"எல்லாரும் காத்தாலயே பஸ் புடிச்சி அரியலூருக்குப் போயிட்டாங்களே பாப்பா! உங்க வூட்டுக்குத்தான். நீங்க அங்க இல்லீங்களா?"

"எங்க வீட்டுக்கா?" சின்னதுரைக்குக் கழுத்து சட்டென்று நேராகிவிட்டது. "தலை தீபாவளிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போற வழக்கம் எங்கய்யா இருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேனுங்க. 'இந்தச் சேத்துல அவரு ஜீப்பு வராது கொளஞ்சி. நாலு பேரு முன்னால என் மாப்பிள்ளை தலை குனிஞ்சு நிக்கறத நான் பாக்க மாட்டேன், நாமளே போயிட்டா அவரு வர வேண்டியதே இல்லியே'ன்னு சொல்லிட்டு, பலகாரக் கூடையத் தன் தலையில வச்சிக்கிட்டு, முழங்கால் சேத்துல நடந்தே போனாருங்க ஐயா."